உள்ளது உள்ளபடி

மறதி நோயுள்ள மாமனார் சவரிமுத்து காலையில் வெளியே போனவர் திரும்பவில்லை என்றதும், ஜெசிந்தா தன் கம்ப்யூட்டர் சென்டரிலேயே 'காணவில்லை' சுவரொட்டி அடித்தாள். வெளியே வந்த தாளிலும் மாமனாரைக் காணவில்லை. கன்னத்தில் இருந்த தீக்காயத் தழும்பு மறைந்து, சினிமா நடிகர்போல் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிரிண்டர் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தாள். இனிமையான இயந்திரக் குரல் பேசியது.

"முகத்தை அழகாக்குவது இலவச வசதி, மேடம். அதை நிறுத்த முடியாது."

"அந்தத் தழும்பு இல்லன்னா அவங்கள யாருக்கு அடையாளம் தெரியும்?"

"புரிகிறது, மேடம். தழும்பு இனி எந்தத் தாளிலும் வராது. கவலைப்படாதீர்கள்."

போனை வைத்துவிட்டு பிரிண்டர் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் புதுப்புது கலர் லேசர் பிரிண்டர்களைக் காட்டினார்.

"யாரையும் அழகாக்காத பிரிண்டர் இருக்காண்ணே?"

அவர் தலையைச் சொறிந்தார். "தோல் டாக்டருங்க வாங்குறது ஒண்ணு கெடக்கு. பளபளப்பு இருக்காது. ஆனா உள்ளத உள்ளபடி காட்டும்."

அதையே வாங்கினாள். தழும்போடு விழுந்த முதல் தாளைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. கணவன் சுவரொட்டிகளைச் சுற்றுவட்டார பஸ் ஸ்டாண்டுகளில் எல்லாம் ஒட்டிவிட்டு வந்தான்.

சாயங்காலம் திருச்செந்தூரிலிருந்து ஒரு டீக்கடை அம்மா பேசினாள். "நீங்க தேடுத பெரியவரு இங்கனதான் இருக்காவ. தழும்பப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். பயப்படாதீய."

"ஏதாவது சாப்பிட்டாவளா?"

"வடையா உள்ள போயிட்டு இருக்கு. சட்னில உப்பு இல்லன்னு சத்தம் வேற போடுதாவ."

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சந்தேகமே இல்லை, மாமாவேதான்.