யாருக்குப் பாதி?

"சார், ஓடியாங்க! லேப் அம்மா லைனை நிறுத்திட்டு எல்லார் கண்ணையும் இழுத்து இழுத்துப் பாத்துக்கினு கீறாங்க!"

கோள் சொன்னது நான்தான், சூப்பர்வைசர் கோதண்டம். தொண்ணூத்தொண்ணுல படப்பை ரோட்டுல எங்க சத்துமாவு கம்பெனி. முதலாளி தேவராஜன், ஓசியில ஒரு டீ தரமாட்டார். லைன் நின்னா சும்மா வுடுவாரா? ஓடியாந்து லேப் அம்மா மேல பாய்ஞ்சார்.

"இன்னாம்மா சசிரேகா, இது கண்ணாஸ்பத்திரியா?"

"இமைக்குள்ள பாருங்க சார், வெளுத்துப் போயிருக்கு. பாக்கிங்ல பன்னெண்டு பேர்ல ஒன்பது பேருக்கு ரத்தம் பத்தல."

"அதுக்கு?"

"நம்ம லேபிள்ல 'ஒரு டம்ளர் கஞ்சியில் ஒரு நாளுக்கு வேண்டிய இரும்புச்சத்தில் பாதி'ன்னு போட்டிருக்கோம். அது ஆம்பளைங்க கணக்கு சார். பொம்பளைங்களுக்கு இன்னும் ஜாஸ்தி வேணும். இவங்க குடிச்சா பாதி வராது. லேபிளை மாத்தணும்."

"இருபதாயிரம் லேபிள் அடிச்சாச்சு. மாத்த முடியாது, போ!"

"பொய் லேபிளுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"போடாத!"

பாக்கிங் சின்னப்பொண்ணு சும்மா இருந்தாளா? சசிரேகாவோட இமையையே இழுத்துப் பாத்தா.

"அய்ய, லேப் அம்மாவுக்கே வெளுத்துதான் கீது!"

லைனே விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்கும் ஒரே குஷி. இன்னா துள்ளு துள்ளினா, நல்லா வேணும்! முதலாளி மட்டும் சிரிக்கல.

மறுநாள் காலைல சசிரேகா ராஜினாமா எழுதிக்கினு வந்தா. வாசல்ல பெரிய அண்டா, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி. முதலாளி கரண்டியை என் கையில திணிச்சார்.

"ஊத்துய்யா. முதல் டம்ளர் லேப் அம்மாவுக்கு. குடோன்ல கீற மாவு கடைக்குப் போகாது, பூரா இனிமே லைனுக்குத்தான். தினம் ஆளுக்கு ரெண்டு டம்ளர்."

எனக்குத் தலை சுத்திச்சு. "அப்ப லேபிள் சார்?"

"அதை மாத்தமாட்டேன்னு நேத்தே சொல்லிட்டேனேய்யா!"

சசிரேகா மூஞ்சி சுருங்கிப்போச்சு. கடுதாசியை நீட்டினா. அவர் வாங்கிப் படிக்கக்கூட இல்ல. பின்பக்கமாத் திருப்பி, பேனாவையும் சேத்து அவ கையிலயே குடுத்தார்.

"இதுல எழுதும்மா. பொம்பளைங்களுக்கும் பாதி வரணும்னா, மாவுல இன்னும் இன்னா சேக்கணும்?"