அளவுகோல் மட்டும் வந்த ஊர்

ஓடைக்கு அக்கரையில் இருந்த ஊருக்கு மாதாமாதம் சத்துமாவு வந்தது. இக்கரைக்கு அளவுகோல் மட்டும் வந்தது. ஏன் என்று செவந்திக்கு இரண்டு வருஷமாக விளங்கவில்லை. "முந்தி வெளிநாட்டுக்காரங்க எத்தன மூட்ட குடுத்தோம்னு பாத்தாங்க. இப்ப பிள்ள எவ்வளவு வளந்துச்சுன்னு பாத்துதான் பணம் விடுறாங்க. மாவு தின்ன பிள்ளைய தின்னாத பிள்ளையோட ஒப்பிடணும்ல? அதுக்குத்தான்க்கா உங்க ஊரு" என்று போன தடவை சொன்னாள் அளக்க வரும் பெண். ஒன்றும் கிடைக்காமல் இருப்பதும் ஒரு வேலைதான் போலிருக்கிறது என்று செவந்தி விட்டுவிட்டாள். இன்று மூன்று பிள்ளைகளை அளந்ததுமே அந்தப் பெண்ணின் முகம் மாறிப்போயிற்று. "என்னக்கா இது, அக்கரைப் பிள்ளைங்க உசரத்துக்கே இருக்காங்க? வித்தியாசம் இல்லன்னா மாவால பிரயோசனம் இல்லன்னு நிறுத்திருவாங்களே!" செவந்திக்குக் காரணம் தெரியும். அக்கரையில் வாழ்க்கைப்பட்ட தங்கை, தன் வீட்டு மாவில் பாதியை வாராவாரம் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புகிறாள். இக்கரையில் யாருக்குத்தான் அங்கே உறவில்லை? சொன்னால் தங்கையின் பெயரை அடித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் எல்லோருக்குமே நின்றுவிடும். பிள்ளை வளர்ந்ததற்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்றே தெரியவில்லை. அடுத்து அவள் மகள் அல்லியின் முறை. பாவாடையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, "முட்டிய லேசா மடக்கிக்க கண்ணு" என்று காதில் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தால், பின்னால் வரிசையில் நின்ற அம்மாக்கள் எல்லோரும் குனிந்திருந்தார்கள்.