இல்லம் சேர்ப்பு

சரக்குக் கம்பெனி இப்போதெல்லாம் யாரையும் வேலையைவிட்டு நீக்குவதில்லை, அது நாகரிகமில்லையாம். 'இல்லம் சேர்ப்பு' என்று பெயர் சூட்டி, ஆளை வண்டியில் ஏற்றி வீட்டுக்கே டெலிவரி செய்கிறது. வீட்டார் ஓடிபி சொல்லி வாங்கிக்கொண்டால் வேலை போய்விடும். வழியில் இருக்கும்வரை சம்பளம் உண்டு.

கிடங்கு மேலாளர் சென்னியப்பனை ஏற்றிய ஓட்டுநரில்லா வண்டி இன்றும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கெஞ்சினார்.

"தமயந்தி, நம்பரச் சொல்லிரு புள்ள. கால நீட்டிப் படுக்கோணும்."

"சொல்லிப்போட்டு? வீட்டுக் கடன உங்க எம்டியா கட்டுவாரு? பேசாம உள்ளயே இருங்க."

"இது வண்டியில்ல, பொட்டி!"

"ஆபீசு மட்டும் அரமணையாக்கும்!" என்றபடி மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கம்பியிடையே நுழைத்தாள். அவர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். அவள் சற்று நேரம் விட்டுவைத்தாள்.

மகளுக்குத்தான் கொண்டாட்டம். "முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமைகூட வரமாட்டீங்களே! நாளைக்கும் வந்துருங்கப்பா!"

வண்டி கனிவாகக் கேட்டது: "அம்மா, ஓடிபி?"

தமயந்தி கையிலிருந்த போனை முந்தானைக்குள் மறைத்தாள். "டவரே கெடைக்கலீங்க."

"பரவாயில்லை அம்மா. வீட்டில் ஆள் இல்லை என்று பதிந்துகொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வண்டி அவரோடு கிளம்பியது.