அப்பாவின் குரல்

நீதிமன்ற வராந்தாவில் அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன அப்பாவைப் போலவே தொண்டையைச் செருமி, விரலை ஆட்டி, "பேச்சுக்கே இடமில்ல" என்றான் தம்பி.

"போதும்டா, வயிறு வலிக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அக்கா.

"கோர்ட்டுல என்னங்க சிரிப்பு?" என்று முறைத்தார் டவாலி. கூடப்பிறந்தால் இப்படிப் பிறக்கணும் என்று உள்ளுக்குள் பொறாமைதான் அவருக்கு.

அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். அக்கா வாதி பக்கம் போய் நின்றாள். தம்பி பிரதிவாதி பக்கம்.

"அப்பா கட்டின வீடு. ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிச்சுக்கலாமே?" என்றார் நீதிபதி.

இருவரும் ஒன்றாகத் தொண்டையைச் செருமி, விரலை ஆட்டினார்கள்.

"பேச்சுக்கே இடமில்ல."

இந்தமுறை இருவர் முகத்திலும் சிரிப்பில்லை. டவாலிதான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.