ஸ்டிக்கர் இல்லாத ஆப்பிள்

ஆப்பிள் மசியல் செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்தச் சமையலறையில் இருந்த ஒரே ஆப்பிளுக்குத் தலைகால் புரியவில்லை. குழாயடியில் குளித்துவிட்டு, அடுப்பிலிருந்த சட்டியின் முன்னே பளபளவென்று வந்து நின்றது.

“வெளிநாட்டு ஆப்பிள்னா ஸ்டிக்கர் இருக்கணுமே, எங்கே?” என்றது சட்டி.

ஆப்பிள் கன்னத்தைத் தடவிப் பார்த்தது. குளிக்கும்போது கழன்ற ஸ்டிக்கர், பக்கத்தில் குளித்த உருளைக்கிழங்கின் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க உள்ள வாங்க சார்,” என்று சட்டி உருளைக்கிழங்கைக் கூப்பிட்டது. அதுவரை யாரும் தன்னை ‘சார்’ என்றதில்லை என்பதால், உருளைக்கிழங்கு மறுபேச்சில்லாமல் குதித்துவிட்டது.

“ஐயா, நான்தான் ஆப்பிள்! மோந்து பாருங்க!”

“வாசனையை யார் வேணும்னாலும் பூசிக்கிட்டு வரலாம்.”

சர்க்கரையும் பட்டையும் போட்டு மசித்தாயிற்று. கரண்டி ருசி பார்த்து முகம் சுளித்தது. “உருளைக்கிழங்கு மாதிரி இருக்கே?”

“வெளிநாட்டு ஆப்பிள் அப்படித்தான் இருக்கும். உனக்குப் பழக்கமில்லை.”

கரண்டி அவசரமாக இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு, “ஆமாமா, பிரமாதம்!” என்றது.

“அப்போ நான் யாரு?” என்று ஆப்பிள் விசும்பியது.

சட்டிக்கே பாவமாகிவிட்டது. “அழாதே. ஞாயித்துக்கிழமை பூரி மசாலாவுக்கு ஆள் எடுக்கிறாங்க. அங்கே ஸ்டிக்கரெல்லாம் கேக்க மாட்டாங்க.”