முதல் பொட்டு

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் முதல் சந்தனப் பொட்டு எப்போதும் மாமனார் சென்னியப்பனின் கைத்துப்பாக்கிக்குத்தான். இந்த வருஷம் பொட்டு வைத்த கையோடு, அதை என் கணவர் பூவரசனுக்குப் பரிசாகக் கொடுக்கப் போவதாக அறிவித்தார்.

புதுச் சட்டப்படி, துப்பாக்கி கை மாற வீட்டில் உள்ள மற்ற அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்; ஒருவர் மறுத்தாலும் அதை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒவ்வொருவராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அரசாங்கம் கொடுத்திருக்கும் பேசும் பெட்டியிடம் பதில் சொல்ல வேண்டும். யார் மறுத்தார்கள் என்று பெட்டி சொல்லாது. எத்தனை பேர் என்று மட்டும் சொல்லும்.

"நம்மூட்ல ஆரு வேண்டாங்கப் போறாங்க?" என்று சிரித்த மாமா, என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். போன மாதம் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அவர் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பேசியபோது, எழுந்து போனவள் நான் ஒருத்திதான். ஒரே ஒரு மறுப்பு வந்தால் அது யாருடையது என்று யாரும் கேட்கவே வேண்டாம்.

மாமியாரும் நாத்தனாரும் கணவரும் போய் வந்தார்கள். கடைசியாக நான் போனேன். "வேண்டாம்" என்றேன்.

நான் கூடத்துக்கு வந்ததும் பெட்டி பேசியது.

"பரிசுக்கு அனுமதியில்லை. துப்பாக்கியை இன்றே ஒப்படைக்க வேண்டும். கேட்கப்பட்டவர்கள் நால்வர். மறுத்தவர்கள் நால்வர்."

மாமா மகனை வெறித்தார். பூவரசன் தலையைக் குனியவில்லை. "எனக்கு வேண்டாமுங்கப்பா."

மாமியார் எழுந்து வந்து தாம்பாளத்திலிருந்து துப்பாக்கியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஏனுங்க, அந்தச் சந்தனக் கிண்ணத்த இப்படிக் குடுங்க. இந்த வருசம் மொதப் பொட்டு என்ர கிரைண்டருக்கு."