பின்னால் ஓடிய மீட்டர்

"களவாணித்தனம்!"

ஐயம்பெருமாள் போட்ட சத்தத்தில், பாளையங்கோட்டையின் அந்தத் தெருவில் மத்தியானத் தூக்கத்தில் இருந்த ஏழு வீடும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டது.

ஐயம்பெருமாள் கரண்ட் ஆபீசில் ரீடிங் எடுப்பவர். பதினெட்டு வருஷத்தில் நின்றுபோன மீட்டரைப் பார்த்திருக்கிறார், காந்தம் ஒட்டின மீட்டரைப் பார்த்திருக்கிறார், பல்லி குடும்பம் நடத்திய மீட்டரைக்கூடப் பார்த்திருக்கிறார். வேதமுத்து சார்வாள் வீட்டு மீட்டரைப் போல ஒன்றைப் பார்த்ததே இல்லை. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. போன தடவை எழுதினதைவிட இந்தத் தடவை பதினோரு யூனிட் குறைச்சல்!

"ஆயுசு பூரா பள்ளிக்கூடத்துல ஃபிசிக்ஸ் சொல்லிக் கொடுத்தது இதுக்குத்தானா சார்வாள்? சர்ச்சுல காணிக்கைப் பை பிடிக்கித கைதானே இது?"

வேதமுத்து பனியனோடு வெளியே வந்தார்.

"சத்தம் போடாதியும் வே. நான் எடுக்கல. கொடுக்கேன்."

"என்னத்தக் கொடுக்கிய?"

"கரண்டு."

மொட்டை மாடியைக் கை காட்டினார். அங்கே நாலு சூரியப் பலகை, வெயிலில் மல்லாந்து கிடந்தன.

"பலகையில வார கரண்டு இந்தப் பொட்டிக்கு வருது. பேட்டைப் பட்டறையில சொல்லிச் செஞ்ச பொட்டி. இது அதை உங்க கரண்டு மாதிரி மாத்தி, மீட்டர் வழியா உங்க கம்பிக்கே அனுப்பிருது."

"பேட்டரியில பிடிச்சு வச்சுக்கிட வேண்டியதுதானே?"

"நல்லாக் கேளுங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வேதமுத்துவின் மனைவி இன்பமணி. "கரண்டு போனா எங்க வீடும் இருட்டுதான். இம்புட்டும் வாங்கி மாட்டிட்டு, நான் மெழுகுவத்தி வெளிச்சத்துல ரசம் வைக்கேன்."

"பேட்டரி மூணு வருஷத்துல செத்துப்போவும் வே. ஆசிட் நாத்தம் வேற. பகல்ல எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஃபேன். மிச்ச வெயிலு வீணாத்தானே போவுது? ராதாபுரம் பக்கம் காத்தாடி சுத்திக் கரண்டு எடுக்கவன் கம்பியில விடலாம், நான் விடப்படாதா? ரெண்டு வருஷமா உங்க ஆபீசுக்கு மனு போடுதேன். இதுக்குப் படிவமே கிடையாதுன்னு பதில் வருது."

ஐயம்பெருமாளுக்குத் தலை சுற்றியது, அதுவும் பின்பக்கமாக. ஆபீசுக்குச் சும்மா கரண்டு கொடுப்பவரையா களவாணி என்று தெருவைக் கூட்டிவிட்டோம்? நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் குறைந்த ரீடிங்கை எழுதினால் ஆடிட்டில் தன் தலைதான் உருளும். எதிர்வீட்டு போனில் அதிகாரியைக் கூப்பிட்டார்.

அதிகாரி காசிலிங்கம் ஜீப்பில் வந்து இறங்கினார். மீட்டரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பெட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"லைனை ஆஃப் பண்ணிட்டுத்தான் நம்ம லைன்மேன் பூதலிங்கம் கம்பத்துல ஏறுவான். அந்த நேரம் பாத்து உங்க பொட்டி கரண்டு அனுப்பிக்கிட்டு இருந்தா? நாலு பொம்பளப் பிள்ளையப் பெத்தவன் சார்வாள். கருகிப்போவான்!"

"லைன் செத்தா பொட்டியும் நிக்குத மாதிரித்தான் செஞ்சிருக்கு, சார்."

"ஒரு நாள் நிக்காமப் போனா?"

வேதமுத்து விடுவிடுவென்று உள்ளே போய்ச் சுவிட்சை அணைத்து, பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கினார்.

"அந்த ஒரு நாளை நான் யோசிக்கல, சார். நாளைக்கே பேட்டரி வாங்கிப்புடுதேன்."

"ஸ்தோத்திரம்!" என்றார் இன்பமணி.

"மனுச உயிருன்னா இப்படில்லா பதறணும்!" என்று தெருவே காசிலிங்கத்தை மெச்சியது. ஐயம்பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. லைன்மேன் உயிருக்காக இப்படிப் பேசுகிற அதிகாரியை அவர் தன் சர்வீசில் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்தது. ஜீப் வரைக்கும் போன ஐயம்பெருமாள் திரும்பி வந்தார். வாத்தியாரைக் களவாணி என்று சொன்னதற்கு ஒரு மன்னிப்பாவது கேட்க வேண்டாமா?

உள்ளே காசிலிங்கம் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"கழட்டின பொட்டியச் சும்மா போட்டு வைக்காதிய சார்வாள். எங்க வீட்டுல மாட்டிக் கொடுத்திருங்க. பலகை நான் வாங்கிக்கிடுதேன். இப்பத்தான் ஏசி வச்சிருக்கோம், மீட்டரு பையப் பின்னால வந்தா நல்லாருக்கும்."

"அப்போ கம்பத்துல ஏறுதவன்?" என்றார் வேதமுத்து.

காசிலிங்கம் சிரித்தார்.

"எங்க தெரு வேற செக்‌ஷன்லா! அங்கன பூதலிங்கம் ஏற மாட்டான்."